மறுபடி தைத்துவிடுங்கள் என்றார்

லண்டனில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் மிட்வைஃபாகச் சேர்ந்த புதிது. வலியோடு வந்த ஒரு சோமாலியப் பெண்ணைப் பரிசோதிக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன். பாடத்தில் படித்ததுதான். உறுப்பை வெட்டி இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடி, சிறுநீரும் மாதவிடாயும் வெளியேற மட்டும் சின்னத் துவாரம் விடுகிற, பெண் பிறப்புறுப்புச் சிதைப்பின் மூன்றாவது வகை. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன், ஆனால் என் முகத்துக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்துவிட்டார். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான், இங்கேதான் என்னை இப்படிப் பார்க்கிறார்கள்" என்றார். உண்மைதான், சோமாலியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல் வெட்டப்பட்டவர்கள்.

பிரசவத்துக்காக அதைத் திறந்தோம். மறுநாள் கழிப்பறைக்குப் போய் வந்தவர், சத்தம் வருகிறது, வெட்கமாக இருக்கிறது, முன்பு போலவே தைத்துவிடுங்கள் என்றார். ஏழு வயதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் போய்ப் பழகிய உடம்பு. இங்கே சட்டம் அதற்கு இடம் தராது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னேன். சொந்தக்காரர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பதால் மாமியார் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் அப்புறம் தனியாகச் சொன்னார்: "சிதைப்பு என்று கேட்காதீர்கள், தன்னைச் சிதைந்தவள் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? வெட்டினார்களா, மூடினார்களா என்று கேளுங்கள்." அன்றிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன், பதிலும் வருகிறது.

வெட்டும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய அம்மாவேதான். கொடுமைக்கார அம்மா இல்லை, வெட்டாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பயந்த அம்மா. மதம் என்கிறார்கள், குர்ஆனில் இது இல்லை. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்கின்றன. என்னை அதிகம் உறுத்துவது வேறு. எகிப்தில் 2008இலேயே குற்றமாக்கிவிட்டார்கள், ஆனாலும் அங்கே பல சிறுமிகளுக்கு இதைச் செய்வது மருத்துவர்கள்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, சுத்தமான கத்தியால். ஊரில் வெட்டுகிற பாட்டிகளை மன்னிக்கலாம், என் தொழில்காரர்களை முடியவில்லை.

அவருக்குப் பிறந்தது பெண் குழந்தை. அதனால் குழந்தைக்கும் இதைச் செய்வார்களா என்று நான் கேட்டே ஆக வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் வெட்டினாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், அழுவாரோ கோபப்படுவாரோ என்று. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அம்மா கேட்டால் போலீஸ் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று நானாகச் சொன்னால் கேட்க மாட்டார்."

ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வதற்கென்றே, இந்தச் சட்டத்தை எழுதி அரசு தருகிற சின்னத் தாள் ஒன்று உண்டு. எடுத்துக் கொடுத்தேன். தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.