ஈர்க்குச்சி

கொரோனா ஊரடங்கில் நின்றுபோன பஸ், 2020 செப்டம்பர் முதல் தேதி மாவட்டத்துக்குள் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்று காலை எட்டரை மணிக்கே விரிஞ்சிபுரத்து அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஐந்து மாதத்துக்கு மேல் பார்க்காத முகம். முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தபோதுதான் அவர் காதைக் கவனித்தேன். கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதென்று துடைப்பத்து ஈர்க்கைக் கிள்ளி இரண்டு காதிலும் செருகியிருந்தார். வலது காதில் இருந்த குச்சி கொஞ்சம் நீளம். முகக்கவசத்தின் நாடா அதில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்து, விரலால் மெல்லத் தூக்கி விடுவித்துக்கொண்டார்.

"கம்மல் எங்கே அக்கா?"

"அடகில் இருக்கிறது அம்மா" என்று சொல்லிவிட்டு, வாளியையும் ஃபினாயிலையும் தேடி மாடிக்குப் போய்விட்டார்.

உயிரா, பிழைப்பா என்று அந்த ஆண்டெல்லாம் தொலைக்காட்சியில் பேசினார்கள். இன்றைக்கும் எங்காவது அந்தப் பேச்சு எழுந்தால் எனக்கு அந்தக் குச்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எங்களுடையது வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் பதினான்கு அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ். கீழே பாத்திரக் கடை. விற்பனைக்கு அல்ல, வாடகைக்கு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தங்குவார்கள். ஓட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. ஸ்டவ், குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் பெயர்ப்பலகைகள் வங்காளத்திலும் இருக்கும். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆட்டோக்காரர், மீன் விற்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், எங்களைப் போன்றவர்கள் என எல்லோருக்கும் அடுப்பெரிவது யாரோ ஒருவரின் நோயால்தான். ஆகவே சுகாதாரம் ஒரு தட்டு, பொருளாதாரம் ஒரு தட்டு என்று யாராவது தராசு பிடித்தால், எங்கள் தெருவில் அந்தத் தராசு நிற்காது. இங்கே இரண்டும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் என்றார். நான்கு மணி நேரம்தான் இடைவெளி. அன்று எங்களிடம் பதினோரு அறைகளில் ஆட்கள். சிக்கித் தவிப்பவர்களுக்கு இடம் தரும் லாட்ஜுகள் இயங்கலாம் என்று மத்திய அரசின் உத்தரவிலேயே இருந்தது. அதனால் யாரையும் வெளியேற்றும் பேச்சு எழவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்ததோ பத்து நாளைக்கான பணம்.

ஒன்பதாம் எண் அறையில் தன்பாத் பக்கத்திலிருந்து வந்த கணவன் மனைவி. கணவர் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நேரம். அவசரமில்லாத சிகிச்சைகளெல்லாம் தள்ளிப்போயின. அந்த அம்மாள் காலையில் ஒரு வேளை சமைத்து, அதையே மூன்றாகப் பகிர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் பாதியில் குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளுக்கு எட்டு ரூபாய் வாடகை மிச்சமாகுமே என்று. வாடகை வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி மறுபடி மேலே அனுப்பினேன். அறை வாடகையையும் பாதியாக்கினோம், பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். கட்டடக் கடனுக்கு வங்கித் தவணை ஆகஸ்ட் வரை தள்ளிவைக்கப்பட்டது. வட்டி மட்டும் தள்ளி நிற்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் – பலமநேர் சாலையிலும் பொன்னை – சித்தூர் சாலையிலும் ஆந்திர எல்லையில் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். சில நாட்களில் இடித்தும் விட்டார்கள். சித்தூரிலிருந்து வேலூருக்குக் காலையில் வந்து டாக்டரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். ஒன்பதாம் அறைக்காரர்கள் அதில் போனார்கள். சிகிச்சை நடக்கவே இல்லை. அவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. நோய்த்தொற்றால் இறந்தவர்களின் பட்டியல் தினமும் மாலையில் வந்தது. இப்படித் திரும்பிப் போனவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வந்ததை நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் ஊரடங்கே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரடங்கு தேவைப்பட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மாமனார்.

மாமாவுக்கு அப்போது 71 வயது. இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். காட்பாடியில் அதிகாலை ரயிலில் இறங்கி வருகிறவர்களை எதிர்பார்த்து ஐந்து மணிக்கே கல்லாவில் உட்கார்ந்துவிடுவார். ஆறடிக்கு ஆறடி அறை. ஒவ்வொருவரின் ஆதார் அட்டையையும் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். இருமுகிறவர்களும் காய்ச்சல்காரர்களும் வருகிற இடம் அது. 2020 ஏப்ரலில் வழக்கம்போல் கதவு திறந்திருந்தால் அந்த மாதமே அவருக்குத் தொற்றியிருக்கும். அப்போது தடுப்பூசி இல்லை. என்ன மருந்து கொடுப்பதென்று டாக்டர்களுக்கே தெளிவில்லை.

அவருக்கு வந்தது 2021 மே மாதம். அதற்குள் முதல் தவணைத் தடுப்பூசி போட்டிருந்தார். ஆறு நாள் ஆக்சிஜனில் இருந்தார். டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள், மிகவும் மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்துதான். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளிடையே அது மரணத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வு 2020 ஜூனில்தான் கண்டறிந்தது. வீடு திரும்பினார். ஊரடங்கு நோயை ஒழிக்கவில்லை என்று குறை சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஒழிக்க அதனால் முடியாது. அது காலத்தை வாங்கிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு மருந்தும் ஒரு ஊசியும் வந்து சேர்ந்தன.

சி.எம்.சி.யின் முன்னாள் முதல்வர், தொற்றுநோயியல் அறிஞர் ஜெயப்பிரகாஷ் முளியில் அப்போதே வேறு விதமாகச் சொன்னார். எல்லோரையும் நீண்ட நாள் அடைத்து வைக்காதீர்கள், முதியோரைக் காப்பாற்றுங்கள், இளையவர்கள் வேலைக்குப் போகட்டும் என்பது அவர் வாதம். எங்கள் ஊர்ப் பெரியவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீண்ட முடக்கம் ஏழைகளை நொறுக்கும் என்று அவர் எச்சரித்தது நடந்தது. ஆனால் முதியோரைத் தனியே வைக்க அறை வேண்டுமே. விரிஞ்சிபுரத்து அக்காவின் வீடு ஒரே அறை. மாமியார் படுக்கும் பாய்க்கும் வேலைக்குப் போய்வரும் மகன் படுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

கடையைத் திறந்துவிட்டால் பிழைப்பு தானாகத் திரும்பிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. கண்ணால் பார்த்துவிட்டேன். செப்டம்பரில் லாட்ஜுகளுக்கு அனுமதி வந்தது. முதல் மாதத்தில் எந்த நாளும் இரண்டு அறைக்கு மேல் நிரம்பவில்லை. தடுத்தது போலீஸ் அல்ல, பயம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன் இருவரும் அமெரிக்காவில் கைபேசித் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கடைகளுக்கு மக்கள் வருவது 60 சதவீதம் குறைந்ததில், அரசின் தடையால் குறைந்தது 7 சதவீதப் புள்ளிகள்தான். மீதி பெரும்பாலும் மக்களே பயந்து ஒதுங்கியது. அமெரிக்கக் கணக்கு அப்படியே வேலூருக்குப் பொருந்திவிடாது. அங்கே பஸ்ஸை மொத்தமாக நிறுத்தவில்லை. ஆனாலும் காலியாகக் கிடந்த பன்னிரண்டு அறைச் சாவிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதை நம்புவது கடினமாக இல்லை.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது? வீட்டில் இரு என்று சொன்னோம், கூலி கொடுக்கவில்லை. அதுதான் தவறு. நோய் பரவாமல் இருக்க ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஊருக்காகச் செய்கிற வேலை. வேலை என்றால் சம்பளம் உண்டு. பிரிட்டனில் வேலையில்லாமல் நிறுத்தப்பட்டவர்களுக்கு அரசே சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தது. அவ்வளவு நம்மால் முடியாதுதான். ஆனால் ஏழைகளைத் தாங்க சுமார் 65,000 கோடி ரூபாய் போதும், 200 லட்சம் கோடிப் பொருளாதாரத்துக்கு அது முடியாத தொகை அல்ல என்று ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் 2020 ஏப்ரலிலேயே சொன்னார்.

இனி என் கணக்கு. இதைச் சொல்லாமல் அரசைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. அக்காவுக்கு நாள் கூலி 350 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 9,100. பஸ் இல்லாததால் அவரால் வர முடியவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாதிச் சம்பளம் கொடுத்தோம். ஜூனில் லாட்ஜ் முழுவதும் காலியானதும் நிறுத்திவிட்டோம். முடிவை எடுத்தவள் நான். கைபேசியில் சொன்னபோது அவர் "பரவாயில்லை அம்மா, உங்களுக்கும்தானே கஷ்டம்" என்றார். ஐந்து மாதத்தில் அவருக்கு வந்திருக்க வேண்டியது 45,500. எங்களிடமிருந்து கிடைத்தது 9,100. அரசிடமிருந்து ரேஷன் அட்டைக்கு 1,000, ஜன்தன் கணக்கில் மூன்று மாதம் 500 வீதம் 1,500. இலவச அரிசி வந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஜூலையில் அரை சவரன் கம்மலை 13,000 ரூபாய்க்கு வைத்தார். மீட்க முடியவில்லை. அடுத்த ஆண்டு நகை மூழ்கிவிட்டது.

மாமாவுக்குக் கிடைத்த காலத்தின் விலையில் ஒரு பங்கை அக்கா கட்டினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் உயிரோடு இருப்பதற்காக விரிஞ்சிபுரத்தில் ஒரு காதில் ஈர்க்குச்சி ஏறியது என்பது எனக்கே மெல்ல மெல்லத்தான் புரிந்தது. 2021 ஊரடங்கில் தமிழக அரசு அட்டைக்கு 4,000 ரூபாயும் மளிகைத் தொகுப்பும் கொடுத்தது. முந்தைய ஆண்டைவிட நான்கு மடங்கு. அப்போதும் ஒரு மாதக் கூலிக்குப் பாதிகூட இல்லை.

2022 தொடக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கணவர் முதலில் தயங்கினார், மாமாதான் உறுதியாக நின்றார். ஒரு அறை ஒரு இரவுக்கு 20 ரூபாய் வீதம் தனிக் கணக்கில் போடுவது. கதவடைக்கும் நாள் மறுபடி வந்தால் வேலை செய்யும் நால்வருக்கும் அதிலிருந்து சம்பளம். பழைய சம்பள பாக்கி ஒன்றைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது. அதிலிருந்து முதலில் எடுத்தது அக்காவுக்கு நாங்கள் கொடுக்காமல் விட்ட 36,400. கையில் கொடுத்தபோது அவர் இரண்டு முறை எண்ணினார். அதில் மகனின் பாலிடெக்னிக் கட்டணத்தைக் கட்டினார். காதில் இப்போது கவரிங் கம்மல்.

இன்றைக்கு அந்தக் கணக்கில் 1,46,000 ரூபாய் இருக்கிறது. இப்போதைய கூலி 500 ரூபாய். நால்வருக்கு மூன்று மாதம் கொடுக்க இன்னும் 10,000 குறைகிறது. பச்சை அட்டை போட்ட அந்த நோட்டை மாமாதான் எழுதுகிறார். சனிக்கிழமை மாலை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒன்பதாம் அறை இந்த வாரம் எத்தனை இரவு?" என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். மேலேயிருந்து அக்கா பதில் சொல்வார்.