பிடி

நவம்பர் 6
கத்தி வந்துவிட்டது. மோரா கார்பெர்க். அக்கா இன்னும் கூப்பிடவில்லை.

நவம்பர் 7
அலகு 109 மில்லிமீட்டர் நீளம், 3.2 கனம். எஃகு கைப்பிடிக்குள் கடைசிவரை ஓடிப் பின்பக்கம் வெளியே தெரிகிறது. இதற்காகத்தான் வாங்கினேன். பாதிவரை மட்டும் உள்ளே போகிற கத்தியால் கட்டை பிளந்தால், பிடியோடு சேரும் இடத்தில் முறியக்கூடும். காட்டில் அப்படி நடந்தால் கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்.

மாமா எடுத்துப் பார்த்தார். "அருவா இருக்கறப்ப இது எதுக்கு மாப்ள?" அருவா வெட்டும், மெல்லிசாகச் சீவல் எடுப்பது கஷ்டம் என்றேன். அப்புறம் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை.

நவம்பர் 8
அப்பாவுக்கு இடது கையில் டம்ளர் நிற்கவில்லையாம்.

நவம்பர் 9
மழை. தூக்கம் இல்லை.

நவம்பர் 10
வேலியோரம் பட்டுப்போன கருவேலங்கட்டை ஒன்று, ராத்திரி முழுக்க நனைந்தது. அலகை மேலே வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். நேராக இறங்கியது. கணுவில் நின்றுவிட்டது. அங்கே கத்தியை முறுக்கவே கூடாது, கட்டையைத் திருப்பி மறுமுனையிலிருந்து பிளக்க வேண்டும். மேலே சொதசொதவென்று ஈரம், உள்ளே நல்ல காய்ந்த மரம். பிளந்த பிறகும் செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தது. எவ்வளவு நல்ல எஃகு!

பிடிதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கை நனைந்தால்? விறைத்தால்?

நவம்பர் 11
தீ. மலையில் போய்ச் செய்து பார் என்கிறான் நண்பன். மாட்டேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிச் செத்தார்கள். அந்த மலை எங்கள் கிணற்று மேட்டிலிருந்து தெரியும். அதனால் இங்கேயே, ஈர மண்ணில், பக்கத்தில் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு.

அலகின் முதுகு கூரான விளிம்போடு இருப்பதால் தீப்பொறிக்கான ஃபெர்ரோ கம்பியில் இழுத்ததும் பொறி கொட்டியது. பழைய தலையணையின் இலவம்பஞ்சு பட்டென்று பற்றி உடனே அணைந்துவிடும். அதைத் தென்னம் பன்னாடைக்குள் பொதிந்து வைத்தால் தீ நின்று பிடிக்கிறது. மேலே நேற்றைய கட்டையின் உள்மரத்துச் சீவல். எரிந்தது. மாமா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைகாட்டிக் குளிர் காய்ந்தார். அப்பா இங்கே இருந்திருந்தால் சீவலை இன்னும் மெல்லிசாக எடுக்கச் சொல்லியிருப்பார்.

நவம்பர் 12
"டாக்டர் நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்னுட்டார்டா." அக்கா அவ்வளவுதான் பேசினாள்.

சாணைக்கல்லில் கத்தி. சரிவு முழுவதும் கல்லில் படிந்தால் போதும், கோணம் தானாக வரும். கை நிற்கும்வரை தீட்டினேன்.

நவம்பர் 13
கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சீவினேன். வலது கையில் நழுவவில்லை. இடது கையில் லேசாகத் திரும்பியது. பிடியில் விரலைத் தடுக்க முன்பக்கம் சின்ன மேடு உண்டு, அதனால் அலகுக்குப் போகவில்லை. இடது கையில் மறுபடியும் பழக வேண்டும். தினமும் பழகினால் வரும். வரும்தானே.

நவம்பர் 14
அக்கா போன். முதல் பஸ்ஸில் மதுரை.