அஞ்சு பெனால்டி

மதியம் சாப்பிட்டு படுத்தவன் யூடியூப்ல 1991 ஐரோப்பிய கோப்பை கிளப் கால்பந்து பைனல்ல மாட்டிக்கிட்டேன். இத்தாலி பாரி நகரம், அப்ப இருந்த யூகோஸ்லாவியாவோட பெல்கிரேட் ரெட் ஸ்டாரும் பிரான்ஸோட மார்செய்யும்.

120 நிமிஷமும் செம போரடிச்சுது, ஒரு கோல் கிடையாது.

ஆனா பெனால்டி வந்ததும் ரெட் ஸ்டார் பசங்க மூஞ்சில ஒரு பதட்டமும் இல்ல. அஞ்சுக்கு அஞ்சு கோல்!

சும்மா இல்லங்க. யூகோஸ்லாவியா லீக்ல 1988ல இருந்து டிரா ஆனா பெனால்டி அடிக்கணும், ஜெயிச்சா 1 பாயின்ட், தோத்தா முட்டை. சீசன் பூரா அதே வேலையா இருந்தவனுங்களுக்கு பைனல் என்ன பெரிய விஷயம்.

அந்த டீமே யூகோஸ்லாவியாவோட பல இனமும் கலந்தது. முதல்ல அடிச்ச புரோசினெச்கிக்கு அப்பா குரோஷியர், அம்மா செர்பியர். நாலாவதா அடிச்ச மிகாய்லோவிச்சுக்கு அப்படியே உல்டா. கடைசில முடிச்சு வெச்ச பான்செவ் மாசிடோனியாக்காரர்.

இது மே 29. ஜூன் 25க்கு ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் யூகோஸ்லாவியால இருந்து பிரிஞ்சு தனி நாடுன்னு அறிவிச்சாச்சு, அடுத்த சீசன்ல அவங்க டீம் எதுவும் அந்த லீக்ல இல்ல, ஆளாளுக்கு தனி லீக்.

அதே மாதிரி பிரிஞ்ச போஸ்னியா கதை இன்னும் மோசம், அங்க நடந்த போருக்கப்புறம் அந்த சின்ன நாட்டுக்குள்ளயே போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோஷியர், செர்பியர்னு இனத்துக்கு ஒண்ணா மூணு லீக் ஓடிச்சு. 2002ல தான் மூணு தரப்பு டீமும் ஒரே லீக்ல ஆட ஆரம்பிச்சாங்க.