வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா?

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு மாலை நேரக் கல்வி நிலையத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். செவ்வாய்தோறும் ஆறரை மணிக்கு வகுப்பு. வேலை முடித்து அலுப்போடு வருகிற எட்டுப் பேர். இவர்களுக்கு ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்டை, அதாவது ‘வெள்ளிக்குள் முடித்திருப்பேன்’ என்று சொல்லும் ஆங்கில வினை வடிவத்தை, கற்பிக்க இரண்டு வாரம் ஒதுக்கினேன். ஆறு வாரம் ஆனது.

இரண்டு வாரம் என்று நான் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அதே வடிவம் ஜெர்மனிலும் இருக்கிறது. ஃபூட்டூர் ட்ஸ்வை என்பார்கள், அதாவது இரண்டாம் எதிர்காலம். ஆங்கிலத்தில் வில், ஹேவ், வினையின் மூன்றாம் வடிவம். ஜெர்மனில் வேர்டன், மூன்றாம் வடிவம், ஹாபன். வரிசைதான் வேறு. ‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்’ என்று பலகையில் எழுதி, அவன் அவள் எல்லோருக்கும் ஹேவ்தான், ஹேஸ் வராது என்று சொல்லி, வீட்டுப்பாடமும் கொடுத்துவிட்டு நிம்மதியாக டிராம் ஏறினேன்.

அடுத்த வாரம் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது சிவப்பு மை போதவில்லை. சிலருக்கு வினை கடைசிக்கு ஓடிவிட்டது: ‘ஐ வில் தி ரிப்போர்ட் ரிட்டன் ஹேவ்.’ இது ஜெர்மன் பழக்கம், சீக்கிரம் போய்விடும். சிலர் ‘ஷி வில் பி அரைவ்ட்’ என்று எழுதியிருந்தார்கள். போவது, வருவது, வந்துசேர்வது போன்ற வினைகளுக்கு ஜெர்மனில் ஹாபன் வராது, ஸைன் வரும். ஸைன் என்றால் ஆங்கிலத்தில் பி. அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எந்த வினைக்கும் ஹேவ்தான் என்று சொன்னதும் முகங்களில் ஒரு மகிழ்ச்சி. நினைவில் வைக்க ஒன்று குறைந்ததே!

பின்வரிசைக்காரர் ஒருவர் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மனில் ‘இஷ் வில் ஹாபன்’ என்றால் ‘எனக்கு வேண்டும்’ என்று பொருள். ‘ஐ வில் ஹேவ்’ என்று கேட்கும்போதெல்லாம் கடையில் ஏதோ பொருளை அடம்பிடித்துக் கேட்கும் குழந்தைதான் அவருக்கு நினைவுக்கு வந்ததாம்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையான வில்லன் ‘பிஸ்’ என்ற மூன்றெழுத்துச் சொல். ‘அதற்குள்’ என்னும் ஆங்கில ‘பை’, ‘அதுவரை’ என்னும் ‘அன்டில்’ இரண்டுக்கும் ஜெர்மனில் அது ஒன்றுதான். இயந்திர உதிரிப்பாக நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் தன் கதையைச் சொன்னார். இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு, வெள்ளிக்குள் சரக்கு வந்து சேரும் என்று எழுத நினைத்து, ‘வி வில் டெலிவர் அன்டில் ஃப்ரைடே’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ‘சரி, வெள்ளிக்குப் பிறகு அனுப்ப மாட்டீர்களா?’ என்று பதில் வந்திருக்கிறது.

அன்று பலகையில் இரண்டு தமிழ்ச் சொற்களை எழுதினேன். ‘வெள்ளிக்குள்’, ‘வெள்ளி வரை’. யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வளைவுகளை ஆவலாகப் பார்த்தார்கள். வெள்ளி வரை எழுதினேன் என்றால் கை ஓயவில்லை. வெள்ளிக்குள் எழுதிவிடுவேன் என்றால் அதற்குமுன் ஏதோ ஒரு நாளில் பேனாவை மூடிவிடுவேன். தமிழ்க் குழந்தைகூடக் குழம்பாத இந்த இடத்தில் ஜெர்மானியர்கள் இடறுவது, நான் தமிழில் நின்று பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அவர்கள் கையில் ஒரு சோதனையும் கொடுத்தேன்: ஜெர்மன் வாக்கியத்தில் பிஸ் என்பதோடு ‘ஷ்பேடெஸ்டென்ஸ்’, அதாவது ‘மிஞ்சிப்போனால்’, என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் பை. பொருந்தாமல், ‘அதுவரை முழு நேரமும்’ என்பது பொருந்தினால் அன்டில்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தார். “இந்த ஃபூட்டூர் ட்ஸ்வையை நாங்கள் யாருமே பேசுவதில்லை. வெள்ளிக்குள் எழுதிவிட்டேன் என்றுதான் சொல்வோம். எங்களுக்கே வேண்டாததை ஆங்கிலத்தில் எதற்குப் படிக்க வேண்டும்?” எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். பிஸ் ஃப்ரைடாக் என்று நாளைச் சொல்லிவிட்டால் போதும், முடிந்ததைச் சொல்லும் காலத்திலேயே வாக்கியத்தை முடித்துவிடுவார்கள்.

நான்காம் வாரம் அவரே வகுப்புக்கு வரவில்லை. ஏழு மணி ஆகியும் நாற்காலி காலி. உதிரிப்பாகப் பெண் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: “ஏர் விர்ட் டேன் ட்சூக் ஃபெர்பாஸ்ட் ஹாபன்.”

ரயிலைத் தவறவிட்டிருப்பார்.

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். “இப்போது என்ன சொன்னீர்கள்? மறுபடி சொல்லுங்கள்.” அவர் திரும்பச் சொன்னார், பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருமே பேசாத ஃபூட்டூர் ட்ஸ்வை வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. நடந்து முடிந்த ஒன்றை ஊகிக்கத்தான் அவர்கள் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்திலும் அதே வேலையை அதே வடிவம் செய்கிறது: ‘ஹி வில் ஹேவ் மிஸ்ட் தி ட்ரெயின்.’ ஊருக்குத் தொலைபேசும்போது “அம்மா, இந்நேரம் தூங்கியிருப்பாய் என்று நினைத்தேன்” என்று நான் சொல்வதும் இதுதானே. எழுதியிருப்பேன், வந்திருப்பான், தூங்கியிருப்பாய்: வருங்காலமும் ஊகமும் ஒரே சொல்லில்.

அதன் பிறகு பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் ஊகம். பக்கத்து வீட்டு விளக்கு எரியவில்லை, என்ன ஆகியிருக்கும்? கடைசியில்தான் நாளும் கெடுவும். மின்பணியாளர் ஏழரைக்கு வந்து சேர்ந்தார். ரயிலைத் தவறவிடவில்லையாம், தூங்கிவிட்டாராம். “ஸோ யூ வில் ஹேவ் ஸ்லெப்ட் வெல்” என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், இது வகுப்புக்கு உதவாது, என் சொந்த மகிழ்ச்சிக்கு. ஜெர்மன் துணை வாக்கியத்தில் சொற்கள் ‘கெஷ்ரீபன் ஹாபன் வேர்டே’ என்று வரிசைகட்டும். எழுதி, இருப், பேன். அச்சு அசலாக நம் ‘எழுதியிருப்பேன்’.

ஆறாம் வாரம் முடிந்தபோது எட்டுப் பேரில் ஆறு பேர் தடுமாறாமல் எழுதினார்கள். இதன் தொடர்வடிவத்தில்தான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வருகிற ஜூலையோடு நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள். ‘ஐ வில் ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்’ என்று எழுதிக் காட்டினால், திரும்பி வருவது ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ட்வெல்வ் இயர்ஸ்’. ஜெர்மனில் அப்படித்தான், நிகழ்காலம் போதும். கண்டிக்கவும் எனக்கு வாய் வருவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன் என்று தமிழும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறது. கல்லூரி நாட்களில் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ்’ என்று எழுதி நானே மதிப்பெண் இழந்திருக்கிறேன்.