அக்காவோடு தண்ணீர்மலைக்கு

மஞ்சள் துணியில் முடிந்த காசை அம்மா அக்காவிடமும் தரவில்லை, என்னிடமும் தரவில்லை. காரின் முன்பக்கம் இருக்கும் சின்னப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தன் கையாலேயே வைத்தார். "தண்ணீர்மலை உண்டியல்ல போடணும். ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் போடணும். ஒருத்தர் மட்டும் போனா சேராது" என்றார். பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் மலை அது. என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்று அப்போது பதினான்கு மாதம். அவள்தான் முதலில் போன் செய்து, "அம்மாவால இனிமே படி ஏற முடியாது. நீ வர்றியா?" என்று கேட்டாள். சரி என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை சிங்கப்பூர் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் அர்ச்சனை செய்து, தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். 1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. பினாங்கிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டியவர்கள் அவர்களே. கொண்டுவிற்கக் கடல் தாண்டி வந்தவர்கள், போன ஊரிலெல்லாம் முருகனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இங்கே கும்பிட்டுவிட்டு அங்கே போவது, ஒரே வீட்டின் வாசலிலிருந்து கொல்லைக்குப் போவது போலத்தான் எனக்குப் படும்.

விடிகாலை நான்கு மணிக்கு ஈசூனில் அக்கா வீட்டுப் புளோக்கின் கீழே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். வண்டி அக்காவுடையது, ஓட்டியதும் பெரும்பாலும் அவள்தான். எல்லையைத் தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டாங்கியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதால் இரவே நிரப்பி வைத்திருந்தாள். மலேசியாவுக்கான வாகன நுழைவு அனுமதி, டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை, எல்லாம் அவள் கைப்பையில். உட்லண்ட்சில் இப்போது கியூஆர் குறியீட்டைக் காட்டினாலே போதும், கடப்பிதழை நீட்ட வேண்டியதில்லை. 1924இல் திறந்த அந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடமும் கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருப்பதற்கு அது துணையாக இருந்தது.

சின்ன வயதில் அப்பா எங்களைப் பேருந்தில் கூட்டிப் போவார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாக முடிந்தது 1994இல்தான். அதற்கு முன்னால் பழைய சாலையில் ஆயர் ஹீத்தாம், யோங் பெங் என்று ஊர் ஊராக நின்று நின்று போக வேண்டும். எனக்கு வயிற்றைப் புரட்டும். அக்கா என் தலையைத் தன் மடியில் சாய்த்து, நெற்றியில் தைலம் தேய்ப்பாள். யோங் பெங் பலகையைக் கண்டதும் அந்தத் தைல வாசனை நினைவுக்கு வந்தது. வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

மலாக்காவுக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். முருகனைப் பார்க்கப் போகும் வழியில் முதலில் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்பது அப்பா வைத்த வழக்கம். துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டியது. வெகு காலத்துக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல், அதற்கும் அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரே தெருவின் வரிசையில் இருக்கின்றன. மலாக்கா செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா என்னும் மலாய்ச் சட்டை. ஆனால் நெற்றியில் திருநீறும், வாசலில் மாவிலையும் தலைமுறை தலைமுறையாகப் போகவில்லை. மொழி கைவிட்டுப் போன பிறகும் சாமியைக் கைவிடாத அந்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கை தானாகக் குவியும்.

அந்தக் கோயிலில் முருகனுக்கும் இடம் உண்டு. அக்கா அங்கே வெகுநேரம் நின்றாள். ஞானப்பழக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழம் அண்ணனுக்குப் போனதும் தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டான். அவனைச் சமாதானம் செய்யத் தாயும் தகப்பனும் பழனிக்குப் போனார்கள் என்பார்கள். அண்ணன் போனதாக நான் கேட்டதில்லை. என்னைத் தேடி என் அக்கா வந்தாள். அந்தச் சன்னதியில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பத்துமலையில் பிற்பகல் வெயில். 272 படிகள். நாங்கள் சிறுவர்களாக வந்தபோது அந்த 42.7 மீட்டர் முருகன் சிலை கிடையாது, அது 2006இல் வந்தது. படிகளுக்கு இத்தனை வண்ணமும் கிடையாது, 2018இல்தான் தீட்டினார்கள். அப்போதெல்லாம் வெறும் சிமெண்டுப் படி, குரங்கு, சூடு. பாதிக்கு மேல் நான் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட, பதினான்கு வயது அக்கா என்னை முதுகில் சுமந்து ஏறினாள். இந்த முறை அவளுக்கு முழங்கால் வலி. நான் ஒரு படி பின்னாலேயே ஏறினேன்.

குகைக்குள் போனால் மேலே பாறை திறந்திருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் இறங்கும். நீர் சொட்டும். அந்த ஈரமும் கற்பூர வாசனையும் சேர்ந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். இங்கே முருக வழிபாட்டைத் தொடங்கி வைத்த தம்புசாமி பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தவர், ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தவர். நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் வேல் ஊன்றிய மலை என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். இந்த முறை அதை அக்கா சொன்னாள், அப்பாவின் குரலிலேயே. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

இரவு கோலாலம்பூரில் தங்கிவிட்டு, மறுநாள் காலை வடக்கே கிளம்பினோம். தாப்பாவுக்கு முன்பே நல்ல மழை. வைப்பர் வேகமாக ஆட, அக்கா சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"வீட்டை உன்கிட்ட சொல்லாம வித்துட்டேன்னு உனக்குக் கோபம். தப்புதான். ஆனா அப்பா படுத்திருந்த எட்டு மாசமும் நான் அந்த அறையிலதான் கிடந்தேன். நீ ஞாயித்துக்கிழமை வருவே, போவே. அப்பா போனப்புறம் அந்த அறையில என்னால ஒரு ராத்திரி இருக்க முடியலடா. சாவியைக் கொடுத்தா போதும்னு ஆயிடுச்சு."

என்னிடம் பதில் இல்லை. அவள் சாவியைக் கொடுத்த நாளைத்தான் நான் பதினான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய எட்டு மாதத்தை நினைத்ததே இல்லை. தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாள். நான் இறங்கிப் போய் இரண்டு தே தாரேக் வாங்கி வந்தேன். "என்னை மன்னிச்சுடு அக்கா" என்றேன். அவள் தேநீரை வாங்கிக்கொண்டு, "சூடா இருக்கு, பாத்துக் குடி" என்றாள். அப்புறம் ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகள் வரும்வரை அப்பாவைப் பற்றியே பேசினோம். எவ்வளவோ இருந்தது பேச.

13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது மழை விட்டிருந்தது. அன்றே மலையேறலாம் என்றேன். வேண்டாம், குளித்து முழுகி விடிகாலையில் ஏறலாம் என்றாள் அக்கா. அவள் சொன்னதே சரி. வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர்மலையில் இருக்கும் குளிர்ச்சி வேறு எங்கும் கிடைக்காது.

அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டோம். அங்கிருந்து 513 படிகள். தைப்பூசத்தில் இந்தத் தெருவே தேங்காய் நீரில் நனையும். ஆயிரமாயிரம் சிதறுகாய்களுக்கு நடுவே, 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளி ரதம் நகரும். நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. பறவைச் சத்தம், யாரோ படி பெருக்கும் சத்தம், அவ்வளவுதான். ஐம்பது படிக்கு ஒருமுறை அக்கா நின்றாள். நானும் நின்றேன். மேலே ராஜகோபுரத்தின் முன் வந்து திரும்பிப் பார்த்தால் ஜார்ஜ் டவுனும் கடலும் இளவெயிலில் கிடந்தன.

பாலதண்டாயுதபாணிக்குப் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால் வழிந்து முடிந்து, விபூதி சார்த்தி, திரை விலகி, தீபம் காட்டியபோது அந்தச் சின்னஞ்சிறு முகத்தில் கோபம் துளியும் இல்லை. "முருகா" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

உண்டியல் முன்னால் அக்கா மஞ்சள் முடிச்சை எடுத்தாள். என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். சேர்ந்தே போட்டோம். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும் வரை கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் செய்தது போல ஒவ்வொரு படியாக எண்ணினாள். நூற்றெண்பதில் அம்மாவின் போன் வந்தது. "போட்டாச்சும்மா, ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, விட்ட இடத்திலிருந்து நான் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.