கையில் பட்டது

"தேடலைங்க ஐயா, கையில பட்டுச்சு" என்று அன்று நான் சொன்ன பதில் முழு உண்மைதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சில நிமிடங்களுக்கு முன்புதான் அந்தப் பெரியவர், தன் பொமேரேனியன் நாயை மேசைமீது ஏற்றி நிறுத்திக்கொண்டே, "டாக்டரம்மா, ஊசிய மட்டும் போட்டு அனுப்பிடும்மா. வேற எதையும் தேடாத. தேடினா எதுனா அகப்படும். அகப்பட்டா அதுக்குச் செய்ய என்னால ஆவாது" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் குடியாத்தத்தில் கூலிக்கு லுங்கி நெய்பவர். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாள் தவறாமல் நாயை அழைத்து வருபவர். கருத்தடை செய்யப்படாத, ஒன்பது வயதுப் பெண் நாய் அது.

பரிசோதிக்காமல் தடுப்பூசி போடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். காய்ச்சலோடு இருக்கும் உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஏற்கெனவே நோயுற்றிருந்த விலங்கு அடுத்த நாள் படுத்துவிட்டால் பழி ஊசியின்மேல் விழும், அந்த வீட்டார் பிறகு ஊசிப் பக்கமே வரமாட்டார்கள். ஆகவே வெப்பமானியை வைத்து 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஈறை விரலால் அழுத்தி விட்டபின் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று கவனிப்பதும், இதயத்தையும் நுரையீரலையும் கேட்பதும், தாடைக்குக் கீழும் தோளுக்கு முன்பும் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமும் இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தொட்டுப் பார்ப்பதும் பெரியவர் கேட்ட ஊசிக்குள்ளேயே அடங்கியவை. இவற்றைச் செய்ததற்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

வயிற்றைத் தொட்டதற்கும் என்னிடம் நியாயம் உண்டு. வேலூர்ப் பக்கத்தில் உண்ணி இல்லாத மாதம் என்று ஒன்றைச் சொல்வது கடினம். எர்லிக்கியா, பபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் சில நாய்களில் வெளியே ஏதும் தெரியாமலே பல மாதங்கள் தங்கியிருக்கும்; மண்ணீரல் பெருத்திருப்பது அதற்கு ஓர் அறிகுறி. மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் வயிற்றில் கைவைத்துத்தான் ஆகவேண்டும். அதுவரை என் கை தன் கடமையைத்தான் செய்தது. ஆனால் மண்ணீரல் சரியாக இருப்பது தெரிந்த பிறகும் கை அங்கேயே நிற்கவில்லை. பால் மடிகளின் வரிசையில் பின்னோக்கி நகர்ந்து, நான்காம் இணையில் இடப்பக்கம், தோலுக்கடியில் உருண்டு நகர்ந்த சுமார் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் போய் நின்றது. தாமாகப் படுவதற்கும் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் இடையிலுள்ள கோடு என் விரல்களுக்குத் தெரியாது. ஐந்தாண்டுப் படிப்பும் அதற்குப் பிந்தைய வேலையும் அவற்றைத் தேடத்தான் பழக்கியிருக்கின்றன. கருத்தடை செய்யப்படாத வயதான பெண் நாயில் மடி வரிசையைத் தடவாமல் பரிசோதனை முடிந்தது என்று சொல்ல அவற்றால் இயலாது. அப்படியானால் "பட்டுச்சு" என்று நான் சொன்னது பொய்யா? அவர் சொன்னதை மீறவேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை, மறுபாதி புற்றுநோய். பூனைகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் புற்றுநோயாகவே இருக்கும். அதை நினைத்தால் நாய் பாக்கியசாலி. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே அகற்றிவிட்டால், தீயதாக இருந்தாலும் பிழைக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடும். ஒரு சென்டிமீட்டர் என்பது மருத்துவர் வேண்டிக் கேட்கும் அளவு. நோய் தெரியாதபோது செய்யும் பரிசோதனையின் பொருளே இதுதான். பூனையின் சிறுநீரகச் செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இயல்பைத் தாண்டும் என்பதைப் படித்த ஒருவர், 'நன்றாகத்தானே சாப்பிடுகிறது' என்ற வீட்டாரின் சொல்லோடு எப்படித் திருப்தியடைவார்? மேசைமேல் நிற்பது பேசத் தெரியாத உயிர். என் நோயாளி அதுதான். அதன் சார்பில் தேடாதே என்று சொல்ல வேறு யாருக்கும் உரிமையில்லை. இப்படி வாதிட்டுப் பல இரவுகள் நான் வென்றிருக்கிறேன்.

ஆனால் அந்த நாயின் அறுவைச் சிகிச்சைக்கு நிற்கவேண்டியவர் பெரியவர். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும், மயக்கம் கொடுக்க ரத்தப் பரிசோதனை வேண்டும், தையல் பிரிக்கும்வரை தறியை விட்டுவிட்டு அலைய வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் செய்தால் செலவு குறையும் என்று நான் சொன்னேன். செலவு குறையலாம், தறி நின்ற நாட்களின் கூலியை யார் கொடுப்பார்கள் என்பதற்கு என்னிடம் விடையில்லை. தன் கையிருப்பையும் தன் மனத்தையும் நன்றாக அறிந்த ஒருவர் முன்கூட்டியே போட்ட வேலியாகத்தான் அந்த வேண்டுகோளை இப்போது காண்கிறேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் கோபப்படவில்லை. "நான்தான் தேடாதன்னு சொன்னேனேம்மா" என்றார். அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். பிறகு அவர் நாயின் வயிற்றுப்பக்கம் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. "இனிமே இத தூக்கும்போதெல்லாம் அங்கதான கை போவும்" என்றார்.

கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்க்கலாம், அதற்குப் பணம் வேண்டாம் என்றேன். "யோசிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மறு ஆண்டு வரவில்லை. அவர் தெருவிலிருந்து பூனையைக் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தபோது, நாய் இருக்கிறது என்றும், செப்டம்பர் 28 முகாமில் ஊசி போட்டுக்கொண்டு போகிறார் என்றும், "அங்க வயித்துல எல்லாம் கை வெக்க மாட்டாங்களாம்" என்று அவர் சொன்னதாகவும் தெரிந்தது. வெறிநோய் தினத்து முகாம்களை நான் குறைவாக மதிப்பவள் அல்ல. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைக்க வழியில்லாத நோயை, வரிசையில் நிற்கும் எல்லா நாய்களிலும் தடுத்துவிடும் வேலை அது. ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. 1932-லிருந்து ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து தயாராகும் வட்டாரம் இது. ஊசியின்மேல் இங்குள்ளவர்களுக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. நோயில்லாத விலங்கை ஒருவர் தலை முதல் வால்வரை தடவிப் பார்ப்பதன்மேல் அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை. அதை ஊசியின் பின்னால் ஒட்டிவைத்துத்தான் நாங்கள் செய்துவருகிறோம். பெரியவரிடம் அந்த ஒட்டு பிரிந்துவிட்டது. கட்டியை அறிந்த நான் இனி அதைப் பார்க்கப்போவதில்லை. அதன் வளர்ச்சியை அளக்கவும் ஆளில்லை. சொல்லாமலிருந்து, அடுத்த ஆண்டு வந்தபோது அளந்து, அப்போது சொல்லியிருக்கலாம் என்று ஒரு சக மருத்துவர் சொன்னார். அந்த ஓராண்டில் கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் பெரியவரின் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

இப்போது, வெப்பமானியைக் கையில் எடுக்கும் முன்பே, "எல்லாத்தையும் பார்க்கட்டுங்களா? ஏதாவது தெரிஞ்சா சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்க்கிறார்கள். அண்மையில் பதினொரு வயதுப் பூனையோடு வந்த ஓர் அம்மா மட்டும், "வேணாம் டாக்டர், ஊசி போதும்" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, வயிற்றைத் தொட்டேன். இரு சிறுநீரகங்களும் அளவிலும் வடிவிலும் ஒழுங்காக இருந்தன, மடி வரிசையில் எதுவும் தட்டுப்படவில்லை. ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தேன். கூடையை மூடிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "வேற ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போக முடியவில்லை. பெரியவருக்கு அதைக் கேட்க நான் அவகாசமே கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.