மேம்படுத்தலுக்குப் பின் கோப்புறைகள் வேறு செயலியில் திறந்தபோது

என் பெரியப்பா மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் நீண்ட காலம் ஏட்டண்ணாவியாராக, அதாவது கூத்து ஏட்டைப் பார்த்துப் பாடிக் கொடுப்பவராக இருந்தவர். அவரிடம் இருந்த ஐந்து கூத்துக் கொப்பிகளும் மை மங்கி, ஓரங்கள் அரித்துப்போன நிலையில் இருந்தபடியால், நான் விடுமுறை நாட்களில் வலையிறவுப் பாலம் கடந்து சென்று அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளின் பெயரில் இரண்டு கோப்புறைகளில் அவருடைய மேசைக்கணினியிலேயே சேமித்து வைத்தேன். கணினிப் பழக்கம் அவருக்குக் குறைவு என்பதால், அந்தக் கோப்புறைகளை நேராகத் திறக்கும் இரண்டு குறுக்குவழிகளையும் திரையில் அமைத்துக் கொடுத்தேன்.

அந்தக் கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திவிட்டு நான் வீடு திரும்பிய மறுநாள் காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “கொப்பியெல்லாம் எங்க மனே? வட்டம் வட்டமா என்னவோ வருது.” புதிய கூத்துக்குச் சட்டம் கொடுப்பதற்கு, அதாவது ஆடுவோரிடம் அவரவர் பாட்டு ஏட்டைக் கையளிப்பதற்கு, நான்கு நாட்களே இருந்தன. அவருடைய குரலில் இருந்த பதற்றம் என்னையும் பற்றிக்கொண்டது.

உண்மையில் ஒரு படமும் அழிந்திருக்கவில்லை. குறுக்குவழியைச் சொடுக்கியபோது, கோப்புறைகளின் உள்ளடக்கத்தைக் காட்டும் கோப்பு மேலாளருக்குப் பதிலாக, வட்டில் எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை நிற வளையங்களாகக் காட்டும் பாவோபாப் என்ற செயலி திறந்திருக்கிறது. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்குமரத்தின் ஆங்கிலப் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. பயனுள்ள செயலிதான், ஆனால் கொப்பியின் பக்கத்தைத் தேடும் ஒருவருக்கு அந்த வளையங்களால் ஆவது ஒன்றுமில்லை.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். லினக்ஸ் மேசைச்சூழல்கள், அதாவது திரையில் நாம் காணும் சாளரங்களையும் சின்னங்களையும் தரும் மென்பொருள்கள், ஒவ்வொரு கோப்புக்கும் அது எத்தகையது என்பதைக் குறிக்கும் ஒரு மைம் வகையைக் கொடுக்கின்றன. மைம் என்பது 1992இல் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வகுக்கப்பட்ட முறை. கோப்புறைகளுக்கு அதில் இடமில்லாததால், ‘ஐநோட்/டைரக்டரி’ என்ற வகையை மேசைச்சூழல்கள் தமக்கெனச் சேர்த்துக்கொண்டன. நிறுவப்படும் ஒவ்வொரு செயலியும் தான் எந்தெந்த வகைகளைத் திறக்கும் என்று தன் விவரிப்புக் கோப்பில் அறிவிக்கிறது. கோப்பு மேலாளர் மட்டுமன்றி, பாவோபாப் போன்ற வேறு செயலிகளும் கோப்புறையைத் திறக்க முடியும் என்று அறிவிக்கின்றன. இவற்றுள் எதை முதலில் அழைப்பது என்ற பயனரின் தெரிவு, வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.கொன்ஃபிக்’ என்பதனுள், ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்ற சிறிய உரைக்கோப்பில் இருக்கிறது.

பெரியப்பாவின் கணினியில் அந்த உரைக்கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் கோப்பு மேலாளரின் விவரிப்புக் கோப்புக்குப் பழைய பதிப்பில் இருந்த பெயர் எழுதப்பட்டிருந்தது; புதிய பதிப்பில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. இல்லாத பெயரைக் கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தாண்டிச் சென்று, வேறு இயல்புநிலையும் குறிக்கப்படாத நிலையில், அந்த வகையை அறிவித்த செயலிகளுள் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்கிறது. இவ்வாறு ஓசையின்றித் தெரிவை மாற்றுவது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். ஒரு வரி அறிவிப்பு வந்திருந்தால் ஒரு முதியவர் காலை முழுவதும் கலங்கியிருக்க வேண்டியதில்லை.

மேம்படுத்திய அன்றே இதை நான் கவனிக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. கோப்பு மேலாளரின் உள்ளே நின்று ஒரு கோப்புறையைச் சொடுக்கினால் அது தானே திறந்துவிடும். இயல்புநிலைத் தெரிவு அங்கே கேட்கப்படுவதில்லை. குறுக்குவழி போல வெளியிலிருந்து அழைக்கும்போதுதான் மாற்றம் தெரியும். நானோ உள்ளே மட்டும் சோதித்துவிட்டுப் புறப்பட்டிருந்தேன்.

திருத்தம் ஒரு கட்டளையில் முடிந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில், ஆங்கில எழுத்துகளில், ‘எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட்’ என்று தட்டச்சு செய்து, அதன்பின் கோப்பு மேலாளரின் விவரிப்புக் கோப்பின் பெயரையும், இறுதியில் ‘ஐநோட்/டைரக்டரி’ என்ற வகையையும் இட வேண்டும். நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பெயர் ‘ஓஆர்ஜி.க்னோம்.நாட்டிலஸ்.டெஸ்க்டாப்’, அதில் நாட்டிலஸின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் இட்டால் அது வேறு பெயராகிவிடும். ‘டிஃபால்ட்’ என்பதற்கு முன் ‘குவெரி’ என்ற சொல்லைச் சேர்த்து, வகையை மட்டும் கொடுத்தால், இப்போது எந்தச் செயலி அமர்ந்திருக்கிறது என்பதைக் கணினியே சொல்லும். பழைய வழிகாட்டிகள் சில அந்த உரைக்கோப்பு ‘.லோக்கல்’ கோப்புறையில் இருப்பதாகக் கூறும். அது முந்தைய இடம்.

அன்று மாலை இரண்டு குறுக்குவழிகளையும் பெரியப்பாவே சொடுக்கிப் பார்த்தார். தென்மோடிக் கொப்பியின் காப்புப் பாடல் பக்கம் திரையில் வந்ததும், அருகில் நின்ற என்னை மறந்து, தாளத்தைக் கையால் தட்டியபடி முதலடியைப் பாடத் தொடங்கிவிட்டார்.